வள்ளுவர் சொன்னாரா... உரைக்காரர் சொன்னாரா?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க காலேஜ் லைப்ரரி கம்ப்யூட்டரில் 'ஆசிரியர்' என்ற கட்டத்தில் 'திருவள்ளுவர்' என்று தட்டுங்கள். எங்க காலேஜில் தட்டினால் 43 புத்தகம் வந்து விழுந்தது. அடேங்கப்பா! நம்ம தாத்தா எழுதினது 1,330 குறள்தானே, மீதியை எல்லாம் எப்போ எழுதினார்?

மேட்டர் சிம்பிள். அந்த லிஸ்ட்டில் பரிமேலழகர் உரை இருக்கு, மு.வ. தெளிவுரை இருக்கு, 1886-ல் வந்த ஜி.யு.போப் மொழிபெயர்ப்பும் இருக்கு. எல்லாத்துக்கும் ஆசிரியர் என்று ஒரே பெயர்தான். 'இதுல என்ன பாஸ் பிரச்னை?' என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்... பேச்சுப் போட்டி மேடையில் மூக்குடைபடும் வரை!

தலைப்பு, 'அறம்'. முதல் நாள் சாயங்காலம் லைப்ரரிக்கு ஓடி, லிஸ்ட்டில் முதலில் இருந்த 'திருக்குறள்' புத்தகத்தை எடுத்தேன். பைண்டிங் போட்ட பழைய புத்தகம். டைட்டில் பக்கம் எப்பவோ கிழிஞ்சு போச்சு. ஆரம்பப் பக்கங்களிலேயே அறத்துக்கு ஒரு கம்பீரமான விளக்கம். மனு முதலான நூல்கள் செய்யச் சொன்னதைச் செய்வதும், கூடாது என்றதை விடுவதும்தான் அறமாம். மறுநாள், ''வள்ளுவர் சொல்கிறார்...'' என்று அதை அப்படியே முழங்கினேன். கைதட்டல்கூட வந்தது!

நடுவராக வந்திருந்த தமிழ்ப் பேராசிரியை மைக்கை வாங்கினார். ''தம்பி, அது எத்தனையாவது குறள்?''

முழித்தேன்.

''அது பரிமேலழகர் தன் உரைக்கு எழுதின பாயிரம்ப்பா. அறம்னா என்னன்னு வள்ளுவர் 34-வது குறள்ல சொல்லியிருக்கார். மனசுல அழுக்கு இல்லாம இருக்கிறதுதான் அறம்னு. ரெண்டும் ஒண்ணா?''

பரிசு போனது கவலையில்லை. வள்ளுவர் ஒரு குறளில்கூட பேர் சொல்லாத மனுவை, அத்தனை பேர் முன்னாடி அவர் வாயில் திணிச்சிட்டேனே! அதுதான் ராத்திரி தூங்கவிடலை. பரிமேலழகர் வள்ளுவருக்குப் பல நூறு வருஷம் கழிச்சு வந்தவர். அவர் கருத்து அவரோடது. அதை அவர் பெயரில்தானே சொல்லணும்?

அடுத்த நாளே லைப்ரரியன் சாரிடம் போய் நின்றேன். ''டேட்டா என்ட்ரி அவசரத்துல எல்லாரையும் ஒரே கட்டத்துல தள்ளிட்டாங்க தம்பி. மத்தபடி தனித்தனிக் கட்டம் இருக்கு'' என்று காட்டினார்.

லைப்ரரிகள் பயன்படுத்தும் 'மார்க் 21' என்ற முறையில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு நம்பர். 100-ல் முதன்மை ஆசிரியர். 245-ல் தலைப்பு. 600-ல், புத்தகம் யாரைப் பற்றியது என்ற விவரம். 700-ல் உரைகாரர், மொழிபெயர்ப்பாளர் மாதிரி மற்றவர்கள்.

உரை நூல் வந்தால்? டைட்டில் பக்கம் அதைத் திருக்குறளின் பதிப்பாகக் காட்டினால் வள்ளுவர் 100-ல், உரைகாரர் 700-ல். உரையையே முன்னிறுத்தினால் உரைகாரர் 100-க்கு வந்துவிடுவார், வள்ளுவரும் திருக்குறளும் 600-க்குப் போவார்கள். உரை எழுதியவர் என்று காட்ட 'சி.டபிள்யூ.டி.' என்று மூணெழுத்துக் குறியீடுகூட இருக்கு! நம்ம பாஷையில் சொன்னால், ஒரே வேரியபிளில் ரெண்டு பேரைத் திணிச்சா புரோகிராம் என்ன பாடுபடும்? அதே கதைதான்.

இதைப் பற்றி ரொம்ப யோசித்த ஒருத்தர் நம்ம ஊர்க்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். அவருடைய கோலன் பகுப்பு முறையில் 'கிளாசிக் டிவைஸ்' என்றே ஒரு உத்தி உண்டு. மூல நூல், அதன் உரை, உரைக்கு உரை எல்லாம் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஆனால், ஒவ்வொன்றுக்கும் தனி எண். சேர்ந்தும் இருக்கணும், கலந்தும் போகக் கூடாது!

உரை வேண்டாம் என்று சொல்லலை, ஃப்ரெண்ட்ஸ். உரை இல்லாவிட்டால் பாதிக் குறள் எனக்குப் புரியவே புரியாது. மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதி, காலிங்கர், பரிமேலழகர் என்று ஐந்து பழைய உரைகள் நமக்குக் கிடைத்திருக்கு. ஒரே குறளுக்கு அவர்கள் முட்டிக்கொள்ளும் இடங்களைப் படிப்பதே தனி கிக். ஆனால், பேசுவது யார் என்று தெரிந்து கேட்கணும்.

அதனால் செமினாரோ, புராஜெக்ட் ரிப்போர்ட்டோ... மேற்கோள் போடும் முன் கம்ப்யூட்டர் சொல்வதோடு நிறுத்தாமல் டைட்டில் பக்கத்தையும் பாருங்கள். 'உரை', 'தெளிவுரை', 'பதிப்பாசிரியர்' என்று எங்கேயாவது இருக்கும். அந்தப் பக்கம் கிழிஞ்சிருந்தால் லைப்ரரியனைக் கேளுங்கள். என்னை மாதிரி மேடையில் நின்று தெரிஞ்சுக்க வேண்டாம்!

இப்போ சனிக்கிழமை மதியங்களில் சாரோடு உட்கார்ந்து அந்த 43 ரெக்கார்டையும் சரிபண்ணிக்கிட்டு இருக்கேன். 17 முடிந்தது. முதலில் மாற்றியது எது தெரியுமா? அந்த டைட்டில் பக்கம் கிழிஞ்ச புத்தகம்தான். உரை: பரிமேலழகர்!