லேப்டாப் பழசுன்னு யார் சொன்னது?

மக்களே, செமஸ்டர் லீவு வரப்போகுது. வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தூங்கி எழுந்ததும் நம்மில் நிறைய பேர் பண்ணப்போற வேலை ஒண்ணு இருக்கு: விண்டோஸ் 10-ல இருந்து விண்டோஸ் 11-க்கு மாறுறது. ஏற்கெனவே மாறினவங்க ஹாஸ்டல்ல ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. "செம்மயா இருக்குடா, நீயும் போட்ரு"ன்னு ஒரு கட்சி. "நல்லா ஓடிட்டு இருந்ததைக் கெடுத்துக்கிட்டேன்"னு இன்னொரு கட்சி. இந்த ரெண்டுலயும் சேராத மூணாவது கூட்டமும் இருக்கு. அவங்க ஆசைப்பட்டாலும் மாற முடியாது. அப்டேட் பக்கத்தைத் திறந்தா, உங்க கணினிக்குத் தகுதி இல்லைன்னு வருது. இந்தக் கட்டுரையை எல்லாரும் படிக்கலாம். ஆனா முக்கியமா அந்த மூணாவது கூட்டத்துக்காகத்தான் எழுதுறேன்.

முதல்ல மாறினவங்க கதையைப் பார்ப்போம். நான் ரெண்டு மாசமா விண்டோஸ் 11 பயன்படுத்துறேன். முதல் வாரம் கண்ணு போறதெல்லாம் தோற்றத்துலதான். ஸ்டார்ட் பட்டன் நடுவுல உட்கார்ந்திருக்கு. கை பழக்கத்துல இடது மூலைக்கே போகுது. ரைட் கிளிக் செஞ்சா பழைய மெனு முழுசா வராது, "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்"னு இன்னொரு தடவை தட்டணும். டாஸ்க்பாரை மேலேயோ பக்கவாட்டிலயோ வச்சுப் பழகினவங்களுக்கு இன்னும் கோபம். 2021 அக்டோபர்ல இது வெளிவந்தப்பவே அந்த வசதியை எடுத்துட்டாங்க.

நல்லதும் இருக்கு. விண்டோஸ் கீயோட இசட் அழுத்தினா திரையை எப்படிப் பிரிக்கலாம்னு கட்டம் கட்டமா காட்டும். ஒரு பக்கம் லெக்சர் வீடியோ, இன்னொரு பக்கம் நோட்ஸ், கீழே கோடுன்னு வச்சுக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல பிரவுசர் மாதிரி டேப் வந்திருக்கு. தமிழ் 99 விசைப்பலகை கூடவே வருது, தனியா எதையும் இறக்கத் தேவையில்லை. ஸ்டார்ட் பட்டனை இடது மூலைக்கு மாத்த செட்டிங்ஸ்ல ஒரு நிமிஷம் போதும். பத்து நாள்ல இந்த விஷயமெல்லாம் பழகிடும். அதனால ஒருத்தர் முதல் நாள் சொல்ற "சூப்பர்", "மோசம்" ரெண்டையும் வச்சு நீங்க முடிவெடுக்காதீங்க.

அதுக்காகப் பயன்படுத்துறவங்க பேச்சுக்கு மதிப்பே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். 2012-ல விண்டோஸ் 8 வந்தப்ப ஸ்டார்ட் பட்டனையே தூக்கிட்டாங்க. ஜனங்க கத்தின கத்துல அடுத்த வருஷமே 8.1-ல பட்டன் திரும்பி வந்துச்சு. ஆக, குறை சொல்றதுல தப்பே இல்லை. பட்டன் எங்க இருக்குங்கிறதை விடப் பெரிய கேள்வி ஒண்ணு இப்ப இருக்குங்கிறதுதான் என் பேச்சு.

அந்தக் கேள்வி தேதியில இருந்து ஆரம்பிக்குது. 2015 ஜூலையில வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சது. முடிஞ்சதுன்னா லேப்டாப் நின்னு போகாது. எப்பவும் போல ஆன் ஆகும், படம் ஓடும், கோடு கம்பைல் ஆகும். ஆனா புதுசா கண்டுபிடிக்கிற பாதுகாப்பு ஓட்டைகளை வழக்கம் போல இலவசமா அடைச்சுத் தரமாட்டாங்க. "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?"ன்னு கேக்குறவங்க 2017 மே மாசத்தை நினைச்சுப் பாருங்க. வான்னாக்ரைன்னு ஒரு ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டிட்டு பிட்காயின்ல பணம் கேட்டுச்சு. பிரிட்டன்ல அரசு மருத்துவமனைகள்ல நோயாளிகளோட அப்பாயின்ட்மென்ட்களையே ரத்து பண்ண வேண்டியதாச்சு. அந்த ஓட்டைக்கான அப்டேட் ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச்ல, வந்திருந்தது. போடாதவங்க மாட்டினாங்க. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பூட்டிக்கிட்டா வைவா அன்னைக்கு எக்ஸ்டர்னல் கிட்ட என்ன சொல்றது?

சரி, அப்ப எல்லாரும் 11-க்கு மாறிடலாமேன்னா, அங்கதான் சிக்கல். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் பெரிய விஷயம் இல்லை. டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு வசதி வேணும். மறையாக்கச் சாவிகளைப் பத்திரமா வச்சிருக்கிற பெட்டின்னு வச்சுக்கோங்க. செக்யூர் பூட் வசதியும் இருக்கணும். கூடவே ப்ராசஸர் அவங்க பட்டியல்ல இருக்கணும். இன்டெல்ல பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில இருந்து, ஏஎம்டியில ரைசன் 2000 வரிசையில இருந்துதான் பட்டியல் தொடங்குது. சுருக்கமா, 2017-க்கு முன்னாடி வாங்கின லேப்டாப்னா பெரும்பாலும் வாசல்லயே நிறுத்திடுவாங்க.

நம்ம காலேஜ்ல அந்த மாதிரி லேப்டாப் யார்கிட்ட இருக்கு? அண்ணன் வேலைக்குப் போனதும் தம்பிக்குக் குடுத்தது, ஆறாம் தலைமுறை ஐ5-ஐ செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இப்படி. அந்த மெஷின் இன்னைக்கும் பைத்தான் ஓட்டுது, ஆர்டுயினோ ஓட்டுது. அதுல ஒரு ஸ்க்ரூ கூடக் கழண்டு விழலை. ஆனா திரையில ஒரு சிவப்பு அடையாளம் வந்ததும் பையன் வீட்டுக்கு போன் போட்டு, "அப்பா, புது லேப்டாப் வாங்கணும், இது செல்லாதாம்"னு சொல்றான். அவங்க அப்பா ஃபீஸுக்கே கடன் வாங்கினவரா இருக்கலாம். இதைத்தான் என்னால ஏத்துக்க முடியலை. ஒரு மெஷின் பழசாச்சுன்னு சொல்ல வேண்டியது அதை வச்சு வேலை செய்யறவங்க. மென்பொருள் விக்கிறவங்க நிர்ணயிக்கிற தேதிக்கு நாம ஏன் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம்னு எடுத்து வைக்கணும்?

பாதுகாப்புக்காகத்தானே இந்தக் கட்டுப்பாடுன்னு சிலர் வாதாடுவாங்க. நியாயம் இருக்கு, சாவியைத் தனி வன்பொருள்ல வைக்கிறது நல்ல டிசைன்தான். ஆனா நல்ல பூட்டு இல்லாத வீட்டுக்காரங்க கிட்ட, இனிமே சாதாரணப் பூட்டும் தர மாட்டோம்னு சொன்னா பாதுகாப்பு கூடுமா, குறையுமா? நீங்களே யோசிங்க.

இப்ப என்ன பண்ணலாம்? வரிசையா சொல்றேன்.

ஒண்ணு, சிவப்பு அடையாளம் வந்தா உடனே நம்பாதீங்க. ப்ராசஸர் தகுதியானதா இருந்தும் டிபிஎம் பயாஸ்ல அணைஞ்சு கிடக்கலாம். இன்டெல்ல பிடிடி, ஏஎம்டியில எஃப்டிபிஎம்னு பேர் இருக்கும். ஆன் பண்ணிட்டு மறுபடி சோதிங்க. பயாஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா அதோட ரெக்கவரி கீயைப் பேப்பர்ல எழுதி வையுங்க. அது இல்லாம மாட்டினா உங்க ஃபைல் உங்களுக்கே கிடைக்காது.

ரெண்டு, தகுதி இருந்தா மாறிடுங்க, இலவசம்தான். ஆனா லீவுல மாறுங்க. ரிவியூக்கு முந்தின வாரம் வேண்டாம். முக்கியமான ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி, டிரைவ்ல ஒரு காப்பி போடுங்க. பிடிக்கலைன்னா பத்து நாளுக்குள்ள செட்டிங்ஸ்ல போய்ப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். இடம் இல்லைன்னு விண்டோஸ் டாட் ஓல்ட் ஃபோல்டரை அழிச்சா அந்த வழி அடைஞ்சிடும். இன்னொண்ணு, விண்டோஸ் 11 64 பிட்ல மட்டும்தான் இருக்கு. நம்ம லேப்ல இன்னும் உயிரோட இருக்கிற டர்போ சி 16 பிட் ஆசாமி. அது டாஸ்பாக்ஸ் துணை இல்லாம அங்க எழுந்திருக்காது.

மூணு, தகுதி இல்லைன்னா அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10-க்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒண்ணு 2026 அக்டோபர் 13 வரைக்கும் இருக்கு. மைக்ரோசாஃப்ட் கணக்குல உள்ள போய் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கிட்டா காசு கட்ட வேண்டியதில்லை. இல்லைன்னா 30 டாலர். டிபிஎம் சோதனையைத் தாண்டி 11-ஐப் போடுற குறுக்கு வழி எல்லா சீனியருக்கும் தெரியும். அப்படிப் போட்டா அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. விளையாட்டுக்குச் செஞ்சு பாருங்க. ப்ராஜெக்ட் இருக்கிற மெஷின்ல வேண்டாம்.

நாலு, லினக்ஸ். உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22 ரெண்டுக்கும் 2029 வரை அப்டேட் உண்டு, காசு கிடையாது. இதைக் கேட்டு மிரள வேண்டாம். 2011-ல தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்ப, விண்டோஸோட பாஸ் லினக்ஸும் அதுல இருந்துச்சு. சி-டாக் உருவாக்கின இந்திய லினக்ஸ். நம்ம அண்ணன் அக்காங்க வீட்டுல ஏற்கெனவே எட்டிப் பார்த்த விருந்தாளிதான் இது. பென் டிரைவ்ல போட்டு, எதையும் இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டினா, அந்த ஐ5-ஆ இதுன்னு நீங்களே கேப்பீங்க.

குறையையும் சொல்லணும். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் லினக்ஸ்ல வராது. மெக்கானிக்கல், சிவில் மக்கள் லேபை நம்பணும். கேம்பஸ் ஆன்லைன் டெஸ்ட்ல கண்காணிப்பு மென்பொருள் சிலது விண்டோஸ், மேக் மட்டும்தான் ஏத்துக்கும். அதனால ஒரேடியா அழிச்சிடாம ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. டெஸ்டுக்கு விண்டோஸ், தினசரி இன்டர்நெட்டுக்கும் கோடிங்குக்கும் லினக்ஸ்.

கடைசியா ஒரு கோரிக்கை. இதெல்லாம் சிஎஸ்இ, ஐடி மக்களுக்கு அரை மணி நேர வேலை. பக்கத்து ரூம் ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கு, பொண்ணுக்கு இது மலை. கணினி மன்றத்துக்காரங்க ஒரு சனிக்கிழமை மதியம் லேபைத் திறந்து வச்சு, "பழைய லேப்டாப்பை எடுத்துட்டு வாங்க"ன்னு நோட்டீஸ் ஒட்டுங்க. நாலு பென் டிரைவும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட்டும் இருந்தா போதும். நாங்களும் வர்றோம். அன்னைக்கு ஒரே ஒரு வீட்டுல புது லேப்டாப் செலவு தள்ளிப் போனாலும், நாம படிக்கிற இன்ஜினியரிங்குக்கு அது நல்ல செய்முறைத் தேர்வுதான்.

லீவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துடுங்க மக்களே.