உடம்பிலே குண்டு இருக்கு, பைலிலே இல்லையே!

சாயங்காலம் ஏழு மணிக்கு தி.நகர் பக்கம் போய்ப் பாருங்கள். பெரிய கடை வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் ஒரு காவலாளி நிற்பார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, வளையாத முதுகு. "வாங்க சார்" என்று கதவைத் திறந்துவிடுவார்.

இவர்களில் பலர் முன்னாள் பட்டாளத்துக்காரர்கள். ஒரு காலத்தில் எல்லையில் துப்பாக்கி பிடித்த கை, இன்று கடைக் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சிலர் லேசாகக் காலைச் சாய்த்து நடப்பார்கள். "என்ன பெரியவரே, கால்லே அடியா?" என்று கேட்டால், "அது பழைய கதை சார்" என்று சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

அந்தப் பழைய கதை சர்க்கார் பைலில் ஏறியிருக்கிறதா? அதைத்தான் இன்று கேட்க வேண்டியிருக்கிறது.

காயத்துக்கு ஒரு பதக்கம்

எதிரியின் குண்டு பட்டோ, வெடி சிதறியோ காயமடைந்த ராணுவத்தினருக்கு மத்திய சர்க்கார் ஒரு பதக்கம் கொடுக்கிறது. 1973-ல் ஏற்பட்டது. முதலில் 'காயப் பதக்கம்' என்றுதான் பெயர். இப்போது 'பராக்ரம் பதக்' என்கிறார்கள்.

பரம வீர சக்கரம் போன்றவை சாகசத்துக்காகக் கொடுக்கப்படுபவை. மேலதிகாரி பார்த்து சிபாரிசு எழுத வேண்டும். காயப் பதக்கத்துக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். எதிரி கையால் காயம்பட்டிருந்தால் போதும்.

"அப்போ சுலபமா கிடைச்சிடுமே!" என்று தோன்றும். அங்கேதான் பைல் குறுக்கே வந்து நிற்கிறது.

ஒரு சிப்பாய் அடிபட்டால், அவருடைய படைப்பிரிவு மேலே தகவல் அனுப்ப வேண்டும். பிறகு 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் அது வெளிவர வேண்டும். அதை ரெக்கார்ட் ஆபீசில் அவர் பெயருக்கு நேரே ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அது போர்க்காயமா, சாதாரணக் காயமா என்று இரண்டில் ஒன்றை எழுதுவார்கள்.

சண்டை நடக்கிற இடத்தில் இதையெல்லாம் யார் உட்கார்ந்து சரிபார்ப்பது? முதலுதவி செய்த மருத்துவப் பணியாளரே அடுத்த நாள் செத்துப் போயிருக்கலாம். படைப்பிரிவு ஒரே வாரத்தில் இரண்டு ஊர் மாறியிருக்கலாம். தகவல் போகாமல் நின்றாலும் சரி, இந்தக் கட்டத்தில் எழுத வேண்டியதை அந்தக் கட்டத்தில் எழுதினாலும் சரி, காயம்பட்டவர் தலையெழுத்தே மாறிவிடும்.

பதக்கம் மட்டுமா?

"ஒரு பதக்கம்தானே, போனால் போகட்டும்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

சாதாரணக் காயத்தால் நூறு சதவீதம் ஊனமானவருக்கு, ஊனத்துக்கென்று தரும் பென்ஷன் பகுதி கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க்காயத்தால் அதே நூறு சதவீத ஊனமாகி, அதனாலேயே வேலையை விட்டு அனுப்பப்பட்டவருக்கு அந்தப் பகுதி மட்டுமே கடைசிச் சம்பளத்துக்குச் சமம்.

கடைசிச் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 6,000 ரூபாய். இன்னொருவருக்கு 20,000 ரூபாய். போன கால் ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். குமாஸ்தா எழுதிய ஒரு சொல்லால் மாதம் 14,000 ரூபாய் வித்தியாசம்!

கடை வாசலில் இந்த வயதிலும் ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார் என்றால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு சொல்லும் இருக்கலாம்.

சைதாப்பேட்டை கட்டிடம்

சைதாப்பேட்டை ஸ்ரீநகர் காலனியில் 'மேஜர் பரமேஸ்வரன் நினைவுக் கட்டிடம்' இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்குக் காவல் வேலை வாங்கித் தரும் 'டெக்ஸ்கோ' என்ற தமிழக அரசுக் கழகம் அங்கே இயங்குகிறது. 1986-ல் தொடங்கியது.

யார் அந்தப் பரமேஸ்வரன்? பரங்கிமலையில் பயிற்சி பெற்ற அதிகாரி. இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். 1987 நவம்பர் 25-ம் தேதி மார்பில் குண்டு பட்ட பிறகும் சண்டை போட்டு உயிர்விட்டார். அமைதிப்படையில் பரம வீர சக்கரம் பெற்ற ஒரே வீரர்.

அந்தப் படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். சுமார் 3,000 பேர் காயமடைந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

அமைதிப்படை அங்கே தமிழர்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றி இந்த ஊரில் இருந்த கோபம் சாதாரணமானதல்ல. பலருக்கு அது இன்னும் ஆறவில்லை. அந்தக் கணக்கை அரசியல் தலைவர்களிடமும் டெல்லியிடமும்தான் கேட்க வேண்டும். போகச் சொன்னார்கள், சிப்பாய் போனான். அடிபட்டு வந்தான். யாரும் பார்க்க விரும்பாத போரில் காயம்பட்டவனுடைய காகிதத்தை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?

அன்று இருபது வயதுப் பையன்கள், இன்று அறுபதை ஒட்டியவர்கள். 1971 வங்காளதேசப் போரில் இருபது வயதாக இருந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இவர்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது?

2014 ஏப்ரலில் மேஜர் முகுந்த் வரதராஜனின் உடல் பெசன்ட் நகர் மயானத்துக்கு வந்தபோது ஊரே திரண்டு நின்றது. நிற்க வேண்டியதுதான். உயிரோடு திரும்பி வந்தவன்தான் இங்கே கியூவில் நிற்கிறான்.

கோர்ட்டு படி ஏறினால்...

முன்பெல்லாம் ராணுவத்தினர் இந்த மாதிரி விஷயத்துக்கு ஐகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி ராணுவத் தீர்ப்பாயம் ஏற்பட்டு, 2009 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியது. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை இருக்கிறது.

ராணுவப் பதிவு என்றால் வேதவாக்கு, அதில் கை வைக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். கார்கில் போரில் ஒரு பிரிகேடை நடத்தியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். போர் பற்றிய ராணுவத்தின் பதிவில் தன் பங்கு தவறாக எழுதப்பட்டுள்ளது என்று வழக்குப் போட்டார். தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டு, பதிவைத் திருத்தும்படி 2010 மே மாதம் உத்தரவிட்டது. போர் முடிந்து 11 வருஷம் கழித்து!

அவர் பிரிகேடியர். எழுதத் தெரியும், வக்கீல் வைக்கத் தெரியும். ஒரு நாயக்கோ, ஒரு சாதா சிப்பாயோ என்ன செய்வார்?

தாமதமாகப் போனால் தண்டனை வேறு. மருத்துவக் காரணத்தால் 1983-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாய், ஊன பென்ஷன் கேட்டு 1999-ல்தான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் உரிமை இருக்கிறது. ஆனால் பாக்கித் தொகை வழக்குப் போட்ட நாளுக்கு முந்திய மூன்று வருஷத்துக்குத்தான் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மற்ற 13 வருஷம்? போனது போனதுதான்.

எழுதாமல் விட்டது ஆபீஸ். நஷ்டம் சிப்பாய்க்கு. இது என்ன நியாயம்?

அதே சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் இன்னொரு தீர்ப்பும் தந்திருக்கிறது. படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடம்போடு வந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு உடம்பு கெட்டால் சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்றது. நோய்க்குச் சொன்ன இந்த நியாயம் குண்டுக் காயத்துக்குப் பொருந்தாதா?

96 வயதில் கிடைத்தது

பணக்கார நாடான அமெரிக்காவிலும் இதே கூத்துதான். அங்கே காயப் பதக்கத்துக்கு 'பர்பிள் ஹார்ட்' என்று பெயர். மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஏர்ல் மேயர் 1951-ல் கொரியப் போரில் காயமடைந்தார். வெடிச் சிதறல் தொடையிலேயே தங்கிவிட்டது. 2020-ல் "காகிதம் போதாது" என்று விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். தொடைக்குள் இரும்பு இருக்கிறது, அது சாட்சி ஆகாதாம்!

அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். 2024 மே மாதம், 96-வது வயதில் பதக்கம் வந்தது. காயம்பட்டு 73 வருஷம்.

இவ்வளவுக்கும் அங்கே ராணுவப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே தனி வாரியங்கள் உண்டு. 1973-ல் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் கிடங்கில் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பைல்கள் எரிந்தும் போயின. நம் நாட்டில் தீ வேண்டியதில்லை. பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 வருஷம் கழித்து அழித்துவிடலாம் என்று விதியே இருக்கிறது.

சென்னை ஐகோர்ட்டில் நடந்ததையும் மறக்க வேண்டாம். நேதாஜியின் படையில் இருந்த சென்னை முதியவர் ஒருவர் 1980-ல் தியாகி பென்ஷனுக்கு மனுப் போட்டார். 2020-ல் கோர்ட்டு உத்தரவிட்டபோது அவருக்கு வயது 99.

செய்ய வேண்டியது என்ன?

பைலை வைத்திருப்பது சர்க்கார். அதைத் தேடும் வேலையும் சர்க்காருடையதாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தேதியில் அந்தப் படைப்பிரிவு சண்டை நடந்த இடத்தில் இருந்ததா என்பது ராணுவத்துக்குத் தெரியும். தழும்பு குண்டினாலா, வேறு எதனாலா என்பது ராணுவ டாக்டருக்குத் தெரியும். இரண்டும் ஒத்துப்போனால் பதக்கத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஒரு வரி விடுபட்டதற்காகக் கிழவரை வெலிங்டனுக்கும் பெங்களூருக்கும் கோர்ட்டுக்கும் அலைய விடக் கூடாது. எழுதாமல் விட்டது ஆபீஸ் என்றால், மூன்று வருஷக் கணக்கு பேசாமல் முழு பாக்கியையும் தர வேண்டும்.

வீட்டில் பழைய பட்டாளத்துக்காரர் இருப்பவர்களும் சும்மா இருக்க வேண்டாம். டிரங்குப் பெட்டியைத் திறந்து 'டிஸ்சார்ஜ் புக்'கை எடுங்கள். பென்ஷன் உத்தரவையும் எடுங்கள். காயம் எழுதப்பட்டிருக்கிறதா, என்ன சொல்லில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் ராணுவ நம்பரைக் குறிப்பிட்டு ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, உடன் இருந்தவர்கள் கடிதம் எதையும் தூக்கி எறியாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். நாள் கடத்த வேண்டாம். கடத்துகிற ஒவ்வொரு மாதமும் உங்கள் பாக்கியில்தான் குறையும்.

கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாசலில் நிற்கும் பெரியவருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித் தர உங்கள் கணக்குப்பிள்ளைக்கு அரை மணி நேரம் போதும்.

இன்று வீடு திரும்பும்போது கதவைத் திறந்துவிடுபவர் காலைச் சாய்த்து நடந்தால், ஒரு நிமிஷம் நில்லுங்கள். "காகிதம் எல்லாம் சரியா இருக்கா அய்யா?" என்று கேளுங்கள். டெல்லி கேட்காத கேள்வியை நாமாவது கேட்போம்.