வெள்ளம் வருமுன் படை திரட்டுவோம்

தொழிலாளத் தோழர்களே!

மழைக்காலம் நமக்கு என்ன செய்யும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் வருமானம் இல்லை. காண்டாவும் வாளியும் சுவரோரம் கிடக்க, வானம் எப்போது வெளுக்கும் என்று லயத்து வாசலில் காத்திருப்போம். அதே மழை ஆற்றில் பெருகினால் என்ன செய்யும் என்பதை ஜொகூர் மாநிலம் பலமுறை கண்டிருக்கிறது.

2006 டிசம்பரில் கோத்தா திங்கி பட்டணம் மூழ்கியது. மக்கள் வீடு திரும்பிச் சேற்றை வாரிக் கொட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2007 ஜனவரியில் வெள்ளம் மறுபடியும் புகுந்தது. அந்தப் பருவத்தில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில், மழை ஓய்ந்துவிடும் என்று எண்ணியிருந்த வேளையில், சிகாமட், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்கள் தத்தளித்தன. 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். பத்து பகாட்டின் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆயிற்று.

வெள்ளம் சூழ்ந்த வீட்டுக்கு முதலில் வருபவர் யார்? தீயணைப்பு வீரர்களும், பொதுத் தற்காப்புப் படையினரும், இராணுவத்தினரும் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். ஆனால் சாலை துண்டிக்கப்பட்டபின் அவர்கள் வந்து சேர நேரமாகும். அந்த நேரத்தில் கைகொடுப்பவர் அண்டை வீட்டார்தான். நம் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தாருக்கு அந்த அண்டை வீட்டார் நாமல்லவா?

நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருட்டில் எழுந்து காட்டுப் பாதையில் நடந்து பழகியவர் பால் வெட்டுத் தொழிலாளி. எந்தப் பாலம் முதலில் மூழ்கும், எந்த மேட்டில் தண்ணீர் ஏறாது என்பது அவருக்குத் தெரியும். கிராணியாரிடமோ பதிவேடு இருக்கிறது. எந்த வீட்டில் முதியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை, யார் நடக்க முடியாத நோயாளி என்று அதில் ஒரு பக்கம் சேர்த்து எழுத ஒரு மாலைப் பொழுது போதும். வழியும் பெயரும் தெரிந்தால் மீட்புப் பணியில் பாதி முடிந்த மாதிரி.

ஆனால் துணிச்சல் மட்டும் தொண்டாகாது. முழங்கால் அளவு ஓடும் நீரே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றப் போனவரையே தேடவேண்டிய நிலை வரலாகாது. ஆகவே தொண்டர்கள் பொதுத் தற்காப்புப் படையிடமோ செம்பிறைச் சங்கத்திடமோ முன்கூட்டியே பயிற்சி பெறவேண்டும். நீந்தத் தெரியாதவருக்கும் வேலை உண்டு: சமைப்பது, பொருள் பிரிப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. வெள்ளம் வடிந்தபின் சேறு அள்ளுவதுதான் பெரிய வேலை. அப்போது மின்சாரம் பழுதில்லை என்று உறுதி செய்யாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் தொற்றும் ஆபத்து இருப்பதால் நீளக் காலணியும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்கவும் கூடாது.

“நமக்கே கூலி இல்லாத நாளில் ஊருக்கு உழைப்பதா?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குத்தானே சங்கம் இருக்கிறது! ஆபத்து வேளையில் தொண்டுக்குப் போனவரின் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போடக் கூடாது. அன்றைய கூலியையும் பிடிக்கக் கூடாது. தோட்டத்து லாரியும் மண்டபமும் அன்று மக்களுக்குத் திறந்திருக்கவேண்டும். இவற்றை மழைக்கு முன்பே நிர்வாகத்திடம் பேசி எழுத்தில் வாங்கவேண்டும். நாம் தொண்டு செய்வதால் அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. கால்வாய் தூர்வாருவதும், தாழ்ந்த நிலத்தில் இருக்கும் குடியிருப்புகளுக்குப் பரிகாரம் காண்பதும் தொண்டரின் வேலையல்ல. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்போம், கேட்டுக்கொண்டே கைகொடுப்போம்.

இன்று பல தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நம்மோடு வேலை செய்கிறார்கள். மலாயில் வரும் எச்சரிக்கை வங்காளதேசத் தோழருக்குப் புரியாமல் போகலாம். அவர் கதவையும் தட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கடல் கடந்து வந்து, மொழி தெரியாமல் தவித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இதை நமக்கு இன்னொருவர் சொல்லவேண்டுமா?

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பத்துப் பெயர், ஒரு கயிறு, ஒரு பட்டியல், ஒரு லாரி. இவ்வளவு போதும், தொடங்குவதற்கு. வெள்ளம் வந்தபின் அணை போட முடியாது, தோழர்களே!