நரைத்த மீசை ஒன்றுதான் இருந்தது

1895 டிசம்பர். லண்டன் விக்டோரியா தெருவில் ஒரு பெண், எதிரே வந்தவரை மறித்தார். தன் கடிகாரங்களையும் மோதிரங்களையும் ஏமாற்றிப் பறித்தவர் இவர்தான் என்றார். அந்த மனிதர் ஓடவில்லை. தெருவைக் கடந்து, இந்தப் பெண் தொல்லை தருகிறார் என்று போலீஸ்காரரிடம் தானே போய் முறையிட்டார். பெயர் அடால்ஃப் பெக், நார்வே நாட்டவர்.

காவல் நிலையத்தில் தெருவில் போன பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிட்டு அவரோடு வரிசையாக நிறுத்தினார்கள். நரைத்த தலையும் மீசையுமாக அந்த வரிசையில் நின்றவர் பெக் மட்டும்தான். ஏமாந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக அவரையே காட்டினார்கள். 1896இல் ஏழாண்டு கடுங்காவல்.

மேல்முறையீட்டுக்கு என்று அங்கே அப்போது ஒரு நீதிமன்றமே கிடையாது. உள்துறைக்கு மனுமேல் மனு போட்டும் பலனில்லை. 1898இல் பழைய கோப்பைப் புரட்டியபோது உண்மை கண்ணில் பட்டது. பெக்தான் என்று கருதப்பட்ட பழைய குற்றவாளி ஸ்மித், சுன்னத் செய்யப்பட்டவன். பெக் அப்படியில்லை. அதற்குப் பிறகும் தண்டனை நீங்கவில்லை. 1901இல் வெளியே வந்தவரை 1904இல் வேறு பெண்கள் அடையாளம் காட்ட, மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பு. நீதிபதிக்கு மனம் ஒப்பாமல் தண்டனையைத் தள்ளிவைத்தார். அந்த இடைவெளியில், ஏமாற்றி வாங்கிய மோதிரங்களை அடகு வைக்கப்போன அசல் ஆள் பிடிபட்டான். 1907இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறந்ததற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. பொய்ச் சாட்சி என்றால் குறுக்கு விசாரணையில் எங்காவது இடறும். தவறாக நம்புகிற சாட்சி இடறாது. 'இவர்தான்' என்று மனதாரச் சொல்லும். மேல்முறையீட்டில் அந்த முகமும் குரலும் இல்லை, வாக்குமூலம் மட்டுமே இருக்கிறது. அதில் நான் முதலில் தேடுவது சாட்சியின் உறுதியை அல்ல. வெளிச்சம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, எத்தனை நேரம் பார்த்தார், முன்பே தெரிந்த முகமா? 1976இல் டர்ன்புல் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவர் குழுவைக் கவனிக்கச் சொன்னவையும் இவைதான்.

நம் ஊரில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரோடு அவரைப் போன்ற தோற்றமுள்ளவர்களை நிறுத்த வேண்டும். அவர் முகத்தைச் சாட்சிக்கு முன்கூட்டியே காட்டியிருக்கக் கூடாது. நீதிமன்றங்கள் அணிவகுப்பைத் துணைச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரை முதன்முதலாகக் கூண்டில் வைத்து அடையாளம் காட்டினால், அதைப் பலவீனமான சாட்சியமாகவே பார்க்கின்றன. நல்ல விதிகள். ஆனால், 'ஒத்த தோற்றமுள்ளவர்கள்' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டால், பல ஆண்டுகள் கழித்து அதைப் படிக்கும் நீதிபதி எதை வைத்துச் சரிபார்ப்பார்?

அந்த வரிசையை அப்படியே படமெடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். நரைத்த மீசை எத்தனை என்று மேல்முறையீட்டு நீதிபதி தன் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கட்டும்.