ஊர் கூடி வளர்க்கும் அணி

லடாக்கின் தலைநகரான லே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்குள்ள குளங்கள் உறைந்து இறுகுகின்றன. அந்தப் பனிப்பரப்பே அவ்வூர் இளையோரின் ஆடுகளம். காலில் சறுக்குக் காலணி, கையில் மட்டை, பந்துக்கு மாற்றாகத் தட்டையான ரப்பர் வட்டு. இவற்றைக் கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கி, ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களே அங்கு நடைபெறுகிறது. பனி உருகினால் பயிற்சியும் நின்றுவிடும்.

இத்தகைய சூழலில் வளர்ந்த லடாக் பெண்களே பெரும்பான்மையாக இடம்பெற்ற இந்திய மகளிர் அணி, 2016ஆம் ஆண்டு தைபேயில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் முதன்முதலாகப் பங்கேற்றது. எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. மறு ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என வென்று முதல் வெற்றியைப் பெற்றது. மலேசிய அணியையும் 5-4 என வீழ்த்தியது. ஊதியம் பெறாத அவ்வீராங்கனைகளின் பயணத்திற்கும் பயிற்சிக்கும், இணையவழியாகப் பொதுமக்கள் அளித்த நன்கொடை பெருந்துணையாயிற்று.

விளையாட்டிற்காகப் பிறரிடம் பணம் கேட்பது தன்மானத்திற்கு இழுக்கு என்று கருதுவோர் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. இரக்கத்தைத் தூண்டிப் பெறுவது இரத்தல். நோக்கத்தைக் கூறி, கணக்கைக் காட்டி, கைம்மாறும் செய்து பெறுவது கூட்டுமுயற்சி. ஊர்கூடித் தேர் இழுப்பதில் எவரும் இழிவு காண்பதில்லை அன்றோ?

ஆகவே, நிதி திரட்டும் முறையே முதன்மையானது. முதலாவதாக, தேவையைப் பொருள்வாரியாகப் பகுத்துக் கூறுதல் வேண்டும். 'அணிக்கு உதவுங்கள்' என்னும் பொதுவான வேண்டுகோளைவிட, 'ஒரு தலைக்கவசம்', 'ஓர் இணை சறுக்குக் காலணி' என்று கேட்பது கொடுப்பவர் மனத்தில் பதியும். சிறுதொகை தருபவரும் தம் பங்கு எதுவாயிற்று என்பதை அறிவர்.

இரண்டாவதாக, அணி தன் திறனையே கைம்மாறாக அளிக்கலாம். குளிர்காலத்தில் லடாக்கிற்கு வரும் பயணியருக்கும் உள்ளூர்ச் சிறுவர்க்கும் சறுக்கக் கற்றுக்கொடுத்துக் கட்டணம் பெறலாம். மூத்த வீரர்களும் இளையோரும் மோதும் காட்சி ஆட்டம் நடத்தலாம். களத்தின் ஓரத்தில் வீராங்கனைகளின் குடும்பத்தார் துக்பாவும் வெண்ணெய்த் தேநீரும் விற்கலாம். விடுதி நடத்துவோர் பணத்திற்கு மாற்றாகத் தங்குமிடமோ உணவோ அளிக்கலாம். வளரும் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன காலணிகளையும் காப்புக் கவசங்களையும் திரட்டிப் பழுதுபார்த்தால், புதியன வாங்கும் செலவு குறையும்.

மூன்றாவதாக, வரவும் செலவும் எல்லோரும் காணும் இடத்தில் எழுதி வைக்கப்பெறுதல் வேண்டும். தோல்வியை மக்கள் பொறுப்பர். மறைத்த கணக்கைப் பொறுக்கமாட்டார்கள். ஒருமுறை குலைந்த நம்பிக்கை, அடுத்து வரும் அணிக்கும் கதவை அடைத்துவிடும்.

ஆயினும், நன்கொடைக்கு ஓர் எல்லை உண்டு. காலணியை ஊர் வாங்கித்தரலாம். ஆண்டு முழுவதும் உறைநிலையில் இருக்கும் செயற்கைப் பனித்தளத்தைச் சிறுதொகைகளால் அமைத்துப் பேணுதல் அரிது. 2011ஆம் ஆண்டுத் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டப்பட்ட பனி அரங்கம், பின்னர் நெடுங்காலம் பயன்பாடின்றிக் கிடந்தது. அரங்கத்தைக் கட்டுவதோடு அதனை இயக்குவதும் அரசின் கடமை. மக்கள் கொடுக்கிறார்கள் என்பதைக் காரணமாக்கி அரசு விலகி நிற்குமானால், மக்களின் ஈகையே வீரர்களுக்குத் தீங்காய் முடியும்.

நூறு ரூபாய் கொடுத்தவர், தொலைவில் நடக்கும் ஆட்டத்தின் முடிவை மறுநாள் செய்தித்தாளில் தேடுவார்; அந்த அணியைத் தம் அணி என்பார். திரட்டிய பணம் ஒரு பயணத்தோடு தீர்ந்துவிடும். அதனோடு சேர்ந்த மனிதர்களே அடுத்த குளிர்காலத்திலும் களத்தின் ஓரத்தில் வந்து நிற்பர்.