நரம்பியல் துறையின் இரு வாசல்கள்

எங்கள் துறையின் வளர்ச்சி குறித்து இச்செய்திமடலுக்கு எழுத அமர்ந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தவை கருவிகளும் படுக்கைகளுமே. அவற்றைப் பட்டியலிடுவது எளிது. ஆனால் அந்தப் பட்டியல், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த தந்தையோடு கூடத்தில் காத்திருக்கும் மகளுக்கு எதைச் சொல்லும்? ஒரு நரம்பியல் துறையின் வளர்ச்சியை அளக்க வேண்டிய இடங்கள் இரண்டு என்பது எங்கள் கருத்து. ஒன்று, நோயாளி உள்ளே வரும் வாசல். மற்றொன்று, அவர் வீடு திரும்பும் வாசல்.

இந்தியாவில் இத்துறையின் வரலாறு தமிழ் மண்ணோடு நெருங்கிய தொடர்புடையது. 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். இவ்விருவரும், நரம்பியல் மருத்துவர்களான பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் இணைந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர்.

அக்காலத்தில் மூளையை நேரில் காட்டும் கருவி எதுவும் இல்லை. எக்ஸ்ரே படத்தில் மண்டை எலும்பு தெரியும். அதனுள் இருப்பது தெரியாது. முதுகுத் தண்டுவட நீரை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். அதன்பின் வரும் தலைவலியும் வாந்தியும் நோயாளிக்குத் தனி வேதனை. மருத்துவரின் முதன்மைத் துணை ஒரு சிறு சுத்தியலும், நோயாளியும் குடும்பத்தாரும் சொல்லும் விவரங்களுமே. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. இரத்தக் கசிவா, அடைப்பா என்பதைச் சில நிமிடங்களில் அறிய முடிந்தது.

எனினும் காண்பது வேறு, காப்பது வேறு. அடைப்பினால் வரும் பக்கவாதத்தைப் படத்தில் கண்ட பின்னும், அந்த அடைப்பை நீக்க வழியின்றி மருத்துவர்கள் நெடுங்காலம் நின்றார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தின் பயன் 1995இல்தான் நிறுவப்பட்டது. அதைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டிருந்தால், குழாய்வழி சென்று கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை 2015க்குப் பின் உறுதிபெற்றது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன்படலாம். ஆனால் எவருக்கும் தாமதம் நன்மை தராது. நோய்க்குப் பெயர் சொல்லும் துறையாக இருந்தது, கடிகாரத்தோடு போராடும் துறையாக மாறிவிட்டது.

இந்தப் போராட்டத்தின் முதற்பகுதி வீட்டிலேயே நடக்கிறது. நெஞ்சுவலி அச்சத்தைத் தரும். பக்கவாதம் பெரும்பாலும் வலியின்றி வரும். ஆகவேதான், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம்" என்று குடும்பத்தார் குற்ற உணர்வோடு சொல்வதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். அக்குற்றம் அவர்களுடையது அன்று. முன்னரே சொல்லாத எங்களுடையது. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். கடைசியாக அவர் நலமாக இருந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உறக்கத்தில் பாதிப்பு நேர்ந்திருந்தால், உறங்கச் சென்ற நேரமே கணக்கு. வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டா, புரையேறக்கூடும். இரத்தக் கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கேடு விளைவிக்கும்.

இரண்டாவது வாசலில் எங்கள் குறை இன்னும் பெரிது. வீடு திரும்பும் நாளில் ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கத்தையும் மருந்துச் சீட்டையும் கையில் கொடுத்து, சில நிமிடங்களில் விளக்கி அனுப்பிவிடுகிறோம். கணவரைப் படுக்கையில் எப்படித் திருப்புவது என்று ஒருமுறைகூடச் செய்து பாராத மனைவி, அன்றிரவே தனித்து அதைச் செய்ய நேர்கிறது.

இதற்கும் நம் வரலாற்றில் ஒரு முன்மாதிரி உண்டு. 1954இல் விபத்தொன்றில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றுவந்து, அத்துறையை அங்கே வளர்த்தார். 1966இல் அதற்கெனத் தனி நிலையமும் எழுந்தது. உயிரைக் காப்பதோடு மருத்துவம் முடிந்துவிடுவதில்லை என்பதைத் தம் வாழ்வாலேயே அவர் காட்டினார்.

ஆகவே, பராமரிப்பவர் செவிலியரின் முன்னிலையில் தாமே செய்து பழகிய பின்னரே நோயாளியை அனுப்புவது ஒவ்வொரு நரம்பியல் துறையிலும் விதியாக வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கொருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், நிமிர்த்தி அமர்த்தி உணவூட்டல், தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காமல் எழுப்புதல் ஆகிய மூன்றும் படுக்கைப்புண்ணையும், நிமோனியாவையும், தோள்வலியையும் பெருமளவு தடுக்கும். வீடு சென்ற பின் இயன்முறைப் பயிற்சி நின்றுவிடலாகாது. தமிழ்நாட்டில் 2021 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது இல்லம் தேடியும் வருகிறது.

இனி வீடு திரும்பும் நாளில் எவரேனும் உங்களை அவசரமாக அனுப்ப முயன்றால், "ஒருமுறை நான் செய்து காட்டுகிறேன், சரியா என்று பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டா. உடனிருந்து பார்த்துத் திருத்துவது எங்கள் கடமை.