உலை எரியட்டும், லயம் எரிய வேண்டாம்!

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. அந்தப் பழமொழிக்கு இப்போது சில தோட்டங்களில் மறுபடியும் உயிர் வந்திருக்கிறது. மாலை நேரத்தில் லயத்துப் பக்கம் போனால் ‘டங் டங்’ என்று சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால், நம் வீட்டுப் பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பு மூட்டி, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. யாரும் கூலி கொடுக்கவில்லை. ஆசைக்காகச் செய்கிறார்கள்.

இதைப் பற்றிச் சங்கத்துக்கு வரும் புகார்களோ ஏராளம்! “தலைவரே, துணி காயப் போட முடியல, எல்லாம் கரியாப் போவுது” என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. “ஓவர்டைம் போனா நாலு காசு பாக்கலாம், இவனுங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?” என்கிறார் தகப்பனார். “கொல்லன் வேலை நம்ம சாதிக்கு எதுக்குப்பா?” என்று கேட்கிற பெரியவரும் இருக்கிறார். நிர்வாகமோ ஒரே வார்த்தையில் ‘கூடாது’ என்று சொல்லிவிடப் பார்க்கிறது.

நம் கருத்து என்ன? உலை வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் அந்த உலைக்கு ஒழுங்கும் காவலும் வேண்டும். அந்தக் காவலை நிர்வாகம் வந்து போடும்வரை காத்திராமல் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நம் பிழைப்பு முழுவதும் இரும்பின் முனையில்தான் நடந்திருக்கிறது. பால் மரம் சீவிய காலத்தில் நம் தாய்மார்கள் கையில் இருந்தது கத்தி. செம்பனை வந்த பிறகு நம் கையில் இருப்பது உளியும் அரிவாளும். மரம் குட்டையாக இருந்தால் உளி, உயர்ந்துவிட்டால் நீண்ட கம்பில் கட்டிய அரிவாள். முனை மழுங்கினால் குலை குறையும். குலை குறைந்தால் சம்பளம் குறையும். ஆயுத பூஜை அன்று அதே அரிவாளுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம். முனியாண்டி கோயிலில் அரிவாளையே நட்டு வைத்துக் கையெடுக்கிறோம். ஆனால் அந்த அரிவாளைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்தக் குறையைத்தான் இன்று சில இளைஞர்கள் தீர்க்கப் பார்க்கிறார்கள். தொழிலுக்குச் சாதி கிடையாது, பெரியவரே! பெண் பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் தடுக்காதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்து வீடு நம்முடையதல்ல. வேலை இருக்கும்வரை வீடு. 2013-ஆம் ஆண்டு முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் இருக்கிறது. அந்த வயது வந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் வந்துவிடும். வாழை வைத்த கொல்லை, கட்டிய கொட்டகை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கையில் படிந்த தொழிலை மட்டும் எந்த நிர்வாகமும் திருப்பிக் கேட்க முடியாது.

செலவைக் கண்டு அஞ்ச வேண்டாம்

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அரிசி, பருப்பு, பள்ளிச் செலவு போக மீதி என்ன என்பது நமக்குத் தெரியும். ஆகவே கடன் வாங்கிப் பட்டறை வைக்காதீர்கள். தவணைக்குச் சாமான் எடுக்காதீர்கள்.

பழைய லாரியின் பிரேக் டிரம் ஒன்று, உள்ளே பூசக் களிமண், காற்று ஊத ஒரு சிறு விசிறி மெஷின், கரி. உலை இவ்வளவுதான். பேராக்கில் கோலா செப்பத்தாங் சூளைகளில் சுடும் பாக்காவ் மரக்கரி நன்றாக எரியும். சிரட்டைக் கரியும் சூடு கொடுக்கும். பட்டடைக்குத் தடித்த இரும்புத் துண்டு ஒன்று போதும். அதை ஒரு கனமான மரக்கட்டையின் மேல் அசையாமல் இறுக்கிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முட்டி மடக்கினால், அந்த முட்டி படும் உயரமே பட்டடையின் உயரம். அதற்குக் கீழே போனால் இடுப்பு போய்விடும். குலை வெட்டி ஏற்கனவே நொந்த இடுப்பை உலையிலும் நோகடிக்க வேண்டாம்.

இரும்பிலும் சாதி உண்டு. அந்தச் சாதியை மட்டும் பார்க்கத்தான் வேண்டும். கட்டடக் கம்பியில் கரிச்சத்து குறைவு. எவ்வளவு அடித்தாலும் நல்ல முனை நிற்காது. லாரி ஸ்பிரிங் பட்டையில் பெரும்பாலும் நூற்றுக்கு அரை பங்குக்குச் சற்று மேல் கரிச்சத்து இருக்கும். பாராங் கத்திக்கும் அரிவாளுக்கும் அதுவே ஏற்றது.

தோய்ச்சல் கொடுக்கும் பக்குவத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரும்பு 770 டிகிரி சூட்டைத் தாண்டினால் காந்தத்தில் ஒட்டாது. கெட்டுப்போன ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டிக் காட்டிப் பாருங்கள். ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சி, எண்ணெயில் இறக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் ஸ்பிரிங் இரும்பு வெடித்துப் பிளக்கக்கூடும். கழிவு எஞ்சின் எண்ணெய் வேண்டாம், அதன் புகை கெடுதல். வீட்டுச் செம்பனை எண்ணெயே போதும். நாம் வெட்டிப் போட்ட குலை நம் இரும்புக்கும் உதவட்டுமே!

தோய்ச்சல் ஆன இரும்பு கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையோடு இருக்கும். அதைத் தேய்த்து வெளுப்பாக்கி, மெதுவாகச் சூடு காட்டினால் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடும். வெட்டுக் கத்திக்குப் பழுப்பும் ஊதாவும் கூடும் இடத்தில் நிறுத்த வேண்டும். இதை விட்டுவிட்டால், ஓங்கி வெட்டும்போது கத்தி உடைந்து துண்டு முகத்தில் பாயும்.

உயிருக்குக் காவல்

மர லயத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் போய்விடும். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் சாம்பல். ஆகவே உலையை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்கவே கூடாது. கேஸ் தோம்பு, மோட்டார் சைக்கிள், காய்ந்த ஓலை, வேலித் துணி எதுவும் அருகில் இருக்கலாகாது. பக்கத்தில் ஒரு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தோய்ச்சல் எண்ணெயை மூடியுள்ள இரும்பு டின்னில்தான் வைக்க வேண்டும். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எரிகிற எண்ணெய் சிதறி ஆளையே மூடிவிடும். மூடியைப் போட்டு அமர்த்துங்கள். மீறினால் 999-க்கு அழையுங்கள்.

மழை வருகிறது என்று உலையைத் தூக்கி வீட்டுக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐயா, அது எமனை வீட்டுக்குள் அழைப்பது போன்றது! கரி எரியும்போது வரும் நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றும், தூக்கம் வரும், அதோடு முடிந்தாலும் முடிந்துவிடும். மேலே தகரமும் நாலு பக்கமும் திறப்புமாக உள்ள கொட்டகைதான் உலைக்கு ஏற்றது.

துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய், கூரைத் தகரம், பூச்சு போட்ட ஆணி, இவை உலைக்குள் போகக் கூடாது. வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். மலேரியாவோ என்று பயப்பட வைக்கும். இரண்டு பக்கமும் அடைத்த குழாய், மோட்டார் சைக்கிளின் சாக் அப்சார்பர் போன்றவற்றைச் சுட்டால் வெடிகுண்டுதான். களைக்கொல்லி, பூச்சி மருந்து வந்த டின்களை எதற்கும் எடுக்காதீர்கள்.

நைலான் சட்டை போட்டுக்கொண்டு உலை முன் நிற்காதீர்கள். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டை, மூடிய காலணி, கண்ணாடி மூன்றும் கட்டாயம். இரும்பு செதில் ஒன்று கண்ணில் விழுந்தால் அதன் பிறகு உயர்ந்த மரத்தில் குலையை எப்படிப் பார்ப்பது? சுட்டுவிட்டால் பற்பசை, மை, காப்பித்தூள் எதையும் அப்பாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டுக் கிளினிக்குக்கு ஓடுங்கள். சிவப்பு மறைந்து கறுத்த இரும்பும் சுடும் என்பது சிறு பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே உலையைச் சுற்றிக் கோடு போட்டு, பிள்ளைகளை அதற்கு அப்பால் நிறுத்துங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வேலையில் அடிபட்டால் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ உண்டு. வீட்டு உலையில் ஆசைக்குச் செய்து அடிபட்டதை வேலை விபத்து என்று சொல்லி இழப்பீடு கேட்க முடியாது. சங்கமும் அதற்கு வாதாட இயலாது.

பெயருக்குக் காவல்

இரும்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நாளை ஒருவர் கேட்பார். தண்டவாளத் துண்டோ, தொழிற்சாலைச் சாமானோ, ‘சும்மாதானே கிடந்தது’ என்று தூக்கி வந்தால் அது திருட்டு. பழைய இரும்புக் கடையில் வாங்குங்கள். ரசீது கேட்டு வாங்கி ஒரு டின்னில் போட்டு வையுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், என்ன செய்கிறோம் என்பது. மண்வெட்டி, அரிவாள், பாராங், கோயில் மணிக் கொக்கி, கதவுக் கொண்டி செய்யுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது. வாளும் குத்துவாளும் செய்து படம் பிடித்துப் போடும் ஆசை வேண்டாம். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “நானே செஞ்சதுண்ணே, கூட்டாளிக்குக் காட்டத்தான் கொண்டு போனேன்” என்றால் போலீஸ் கேட்குமா? நம் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து நின்றாலே ‘கேங்’ என்று பார்க்கும் கண்கள் ஏற்கனவே இருக்கின்றன. அந்தக் கண்களுக்கு நாமே சாட்சி செய்து கொடுக்கலாமா?

உழைப்புக்குக் காவல்

உலை நன்றாக நடக்க ஆரம்பித்ததும் மண்டோர் வருவார். “தம்பி, இந்தப் பத்து அரிவாளையும் கொஞ்சம் தட்டிக் குடுப்பா” என்பார். அடுத்த வாரம் இருபது வரும். நம் கரி, நம் எண்ணெய், நம் ஓய்வு நேரம். லாபம் மட்டும் தோட்டத்துக்கு! பக்கத்து வீட்டுக்காரருக்குத் தட்டிக் கொடுப்பது உறவு. நிர்வாகத்துக்குத் தட்டிக் கொடுப்பது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. விலையைச் சொல்லுங்கள், நோட்டில் எழுதுங்கள், காசை வாங்குங்கள். கருவியைக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் யார் பொறுப்பு என்று உங்கள் தோட்டத்து ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கிளைச் செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பிள்ளையின் ஆசை நிர்வாகத்தின் செலவைக் குறைக்கும் வழியாகிவிடக் கூடாது.

அதே நேரம் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கொட்டகை போடாதீர்கள். வீடு அவர்களுடையது, ஒரு நாள் கோபம் வந்தால் அதையே சாக்காக வைத்து வெளியேறச் சொல்வார்கள். வாய்ச்சொல் போதாது. நிர்வாகி மாறினால் வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும். எழுத்தில் வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவின் புகாரிலும் நியாயம் இருக்கிறது. விடியற்காலை பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு இரவில் தூக்கம் வேண்டும். ஏழு மணிக்கு மேல் சம்மட்டி எடுக்காதீர்கள். பட்டடையைச் சுற்றி ஒரு கனத்த சங்கிலியைக் கட்டினால் கணீரென்ற சத்தம் பெருமளவு அடங்கும். துணி காயும் நாளில் உலையை மூட்ட வேண்டாம். பாராங் கத்தி ஒன்றைச் சாணை பிடித்து அந்த அம்மாவுக்குக் கொடுத்துப் பாருங்கள், பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலான வழி ஒன்றை நம் கிளைகளின் முன் வைக்கிறோம். ரப்பர் அழிந்து செம்பனை வந்த தோட்டங்கள் பலவற்றில் பழைய பால் ஸ்டோர் வெறுமனே கிடக்கிறது. சிமெண்டுத் தரை, உயர்ந்த கூரை, வீடுகளிலிருந்து விலகிய இடம். வீட்டுக்கு வீடு உலை வைத்து ஆபத்தை வளர்ப்பதைவிட, அந்த இடத்தைப் பொது உலைக்கூடமாகக் கேட்டு வாங்கினால் என்ன? ஒரு பட்டடை, ஒரு உலை, பூட்டு ஒன்று, சாவிக்குப் பொறுப்பு இரண்டு பேர். தொழில் தெரிந்தவர் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மழைக்கு இரும்பு துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைக்க முறை போட்டுக்கொள்ளலாம். தாமானுக்குக் குடிபோய் அடுக்குமாடியில் உலை மூட்ட வழியில்லாத நம் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை வந்து தட்டலாம்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். இளைஞர்கள் இரண்டு பேர், லயத்துத் தாய்மார்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட மனுவாக அது ஆபீசுக்குப் போகட்டும். ‘கூடாது’ என்று நிர்வாகம் சொன்னால், ஏன் கூடாது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.